கடைசி முதுகு

கடலுக்கு உப்பு வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த நாளிலே, எருமைகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த நாளிலே, வெண்ணளம் என்றொரு நாடு இருந்தது. இருந்தது என்றுதான் சொன்னேன், நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. சிரிக்கிற கதை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். இது வெயில் கதை.

அந்த நாட்டில் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். மரம் கிடையாது. உப்பு மண்ணில் எது முளைக்கும்? தலைக்கு மேலே ஒரு சூரியன், பாத்தித் தண்ணீரில் இன்னொரு சூரியன். மேலிருக்கிறவன் பொரிப்பான், கீழிருக்கிறவன் வறுப்பான். நடுவிலே நின்று பெண்கள் உப்பு வாருவார்கள்.

அந்த நாட்டுக்கு ஒரு ராசா இருந்தான். அவனுக்கு ஒரு வெண்குடை இருந்தது. "எங்கள் ராசாவின் குடை நிழலில் நாடே குளிர்ந்திருக்கிறது" என்று புலவர்கள் பாடினார்கள், பரிசும் வாங்கினார்கள். உப்பு வாருகிற பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். குடையைக் காணோம்.

அவர்களுக்கு இருந்த ஒரே குடை, பூச்சு. மணல்மேட்டில் வளர்ந்த சோற்றுக் கற்றாழையைக் கீறி, உள்ளே இருக்கும் சோற்றைக் கசப்புப் போகக் கழுவிக் கழுவி எடுப்பார்கள். அதில் நல்லெண்ணெயை விட்டு மசிப்பார்கள். செஞ்சந்தனத்தைக் கல்லில் இழைத்துச் சேர்ப்பார்கள். கடைசியாக, துத்தநாகத்தைப் புடம் போட்டு எடுத்த வெள்ளைச் சாம்பலைத் தூவிக் குழைப்பார்கள். வெறும் எண்ணெய் பூசினால் வெயில் மீனைப் பொரிப்பதுபோல் பொரித்துவிடும். வெறும் சந்தனம் வேர்வையில் உதிர்ந்துவிடும். எல்லாம் சேர்ந்து குழைந்தால்தான் தோலில் நிற்கும். கீழேயிருக்கிற சூரியனுக்காகத் தாடைக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும்கூடப் பூசிக்கொள்வார்கள். உச்சிப் பொழுதில் வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி ஒரு பூச்சு.

முகத்துக்கு அவரவர் பூசிக்கொள்ளலாம். கைக்கும் பூசிக்கொள்ளலாம். முதுகுக்கு? எட்டுமா? எட்டாது. அதனால் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் பெண்கள் வரப்பின் மேல் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உட்காருவார்கள். பின்னால் இருப்பவள் முன்னால் இருப்பவள் முதுகுக்குப் பூசுவாள். முதலில் வந்தவள் முதலில், அடுத்து வந்தவள் அடுத்து, கடைசியில் வந்தவள் கடைசியில்.

கடைசியில் உட்கார்ந்தவள் முதுகுக்கு யார் பூசுவது? யாரும் பூச மாட்டார்கள். எழுந்து வந்து பூச ஒரு ஆள் கிடைக்காமலா போகும் என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் பூசக்கூடாது என்று வைத்திருந்தார்கள். வெயில்தான் உப்பை விளைய வைக்கிறது, அந்த வெயிலுக்கு நாளுக்கு ஒரு முதுகாவது கொடுக்காவிட்டால் அது கோபித்துக்கொள்ளும், பாத்தியில் தண்ணீர் தண்ணீராகவே கிடக்கும் என்று நம்பினார்கள். யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"கடைசி முதுகு வெயிலுக்கு."

முன்னொரு காலத்தில் அந்த அளத்தில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, குடிசையும் தூரத்தில். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் அவள்தான் கடைசி. இன்றைக்கும் கடைசி, நாளைக்கும் கடைசி, என்றைக்கும் கடைசி. முதுகு வெந்து, ஆறுவதற்குள் மறுபடி வெந்து, காய்ந்த பாத்தி மாதிரி வெடித்துப்போயிற்று. ஒருநாள் உச்சி வெயிலில், உப்பு வாருகிற பலகையைக் கீழே போட்டாள். தூரத்தில் தண்ணீர் மாதிரி நெளிகிறதே கானல், அதை நோக்கி நடந்தாள். நடந்தவள் அதற்குள்ளே போய்விட்டாள். அவள் பெயரைக்கூட யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கடைசிக்காரி என்றார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் கத்திரி வெயில் தொடங்கியதும் கானலுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்.

"நிழல் வேணுமா, நிழல்?"

பூச்சு இருக்கிற முதுகுக்கு அந்தக் குரல் கேட்காது. வெந்த முதுகுக்கு மட்டும் கேட்கும். கேட்டவள் பலகையைப் போட்டுவிட்டு நடப்பாள், யார் பிடித்தாலும் நிற்க மாட்டாள். அப்புறம் கோடை முழுவதும் உச்சிப் பொழுதில் கானலுக்குள்ளே அவள் நடந்துகொண்டிருப்பது தெரியும். இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள். முதல் மழை விழுந்ததும் கானல் கரைந்து போகும். கானலோடு அவளும் போய்விடுவாள். அடுத்த கோடையில் கானல் வரும், குரல் வரும், அவள் வர மாட்டாள். எல்லா நாட்டிலும் மழை வந்தால் ஆடுவார்கள் பாடுவார்கள். வெண்ணளத்தில் மழை வந்தால் வீட்டுக்கு வீடு ஒப்பாரி.

இத்தனைக்குப் பிறகும் அந்த வழக்கத்தை விட்டார்களா? விடவில்லை. மனிதர்கள் அப்படித்தான். பாம்பு கடித்தாலும் புற்றுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்த மாட்டார்கள்.

அந்த அளத்தில் மாடத்தி என்று ஒருத்தி. எல்லாருக்கும் பூச்சுக் குழைப்பவள் அவள்தான். தாய் தகப்பன் இல்லை. ஆவுடை என்று ஒரு தங்கச்சி மட்டும் இருந்தாள். தங்கச்சி என்றால் மாடத்திக்கு உயிர், ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. "ஏட்டி, சோத்தத் தின்னு", "ஏட்டி, தலையச் சீவு" என்று அதட்டத்தான் தெரியும்.

ஒரு கத்திரி நாளில் கற்றாழை குறைந்துபோயிற்று. "ஏட்டி ஆவுடை, ஓடிப்போயி மணல்மேட்டுல ரெண்டு மடல் வெட்டிட்டு வா" என்று மாடத்தி அனுப்பினாள். ஆவுடை ஓடினாள். நல்ல தடித்த மடலாகப் பார்த்துப் பார்த்து வெட்டி, முள் குத்திய கையோடு கொண்டுவந்து கொடுத்தாள். அதை மாடத்தி குழைத்தாள். தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி, சிரட்டை சிரட்டையாக வரிசைக்குப் போயிற்று. அதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆவுடைக்கு மிஞ்சியது கடைசி இடம்.

அவள் கொண்டுவந்த கற்றாழை எல்லார் முதுகிலும் ஏறியது. அவள் முதுகில் ஏறவில்லை.

வரிசை கலைந்த பிறகு ஆவுடை அக்காவிடம் வந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, ஒரு விரலாவது வச்சுவிடேன். நீ அனுப்பித்தான போனேன்?"

மாடத்தியின் சிரட்டையில் மிச்சம் இருந்தது. கையும் நீண்டது. அப்போது வரிசைக்குத் தலைவி சடைச்சி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சடைச்சி எப்போதும் முதல் ஆளாக வந்து முதல் இடத்தில் உட்காருபவள். அவளுக்கு முன்னால் யாரும் கிடையாது, அதனால் அவள் ஒருநாளும் இன்னொருத்தி முதுகைத் தொட்டதில்லை. அவள் பார்த்தது ஒரு பார்வைதான். மாடத்தி கையை மடக்கிக்கொண்டாள்.

"கடைசி முதுகு வெயிலுக்கு. ஒரு நாள்தான, பொறுத்துக்க."

ஆவுடை திரும்பினாள். பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். உச்சிப் பொழுதில் அவள் நிமிர்ந்து நின்று எதையோ காது கொடுத்துக் கேட்பதை மாடத்தி பார்த்தாள். "ஆவுடை!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். பலகை கீழே கிடந்தது. ஆவுடை நடந்துகொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தாள், கை கொதித்தது. பிடி நழுவியது. ஆவுடை கானலுக்குள்ளே போய்விட்டாள்.

மாடத்தி வரப்பில் உட்கார்ந்து தன் கையையே பார்த்தாள். நீண்டு, பிறகு மடங்கிய கை. அதை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருந்தது.

அப்புறம் வானத்தைப் பார்த்தாள். தெற்கே மேகம் ஒரு கோடாகத் தெரிந்தது. மழைக்கு முன்னால் தங்கச்சியைக் கொண்டுவர வேண்டும். மழை விழுந்துவிட்டால் ஆவுடை இல்லை.

அடுத்த நாள் உச்சிப் பொழுதில் மாடத்தி முகத்துக்கும் கைக்கும் கெட்டியாகப் பூசிக்கொண்டு கானலை நோக்கி நடந்தாள். அவள் ஒரு அடி வைத்தால் கானல் ஒரு அடி தள்ளிப்போனது. ஓடினாள், அதுவும் ஓடியது. ஆவுடை எதிரே போய்க்கொண்டிருந்தாள், பெரிய தூரம் ஒன்றும் இல்லை. முதுகில் கொப்புளம்கூடத் தெரிந்தது. "ஆவுடை! அக்கா வந்திருக்கேன், திரும்பிப் பாரு!" திரும்பவில்லை. கானலுக்குள் யாரோ சிரித்தார்கள்.

"நான் கூப்பிடாம முகத்தக் காட்டி வாறவளுக்கு என் வாசல் தொறக்காது."

மாடத்தி திரும்பினாள். தெற்கே மேகம் ஒரு முழம் ஏறியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் ராசாவிடம் போனாள். ராசா குடைக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். அவள் முறையிட்டதை எல்லாம் கேட்டான்.

"பெண்ணே, என் குடை நிழலில்தானே இந்த நாடே இருக்கிறது?" என்றான்.

"அப்படியா ராசா? அப்போ என் தங்கச்சி மேல விழுந்தது எந்த நாட்டு வெயிலு?"

சபையில் ஒரு புலவர் இருமினார். ராசா இளநீரைக் கீழே வைத்தான். வெட்கமோ, இவள் சீக்கிரம் போனால் தேவலை என்ற எண்ணமோ, பழைய குடை ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னான்.

இரண்டாவது உச்சிப் பொழுதில் மாடத்தி அந்தக் குடையை விரித்துக்கொண்டு போனாள். தலைக்கு மேலே நிழல்தான். ஆனால் கீழேயிருக்கிற சூரியனுக்கு ராசா குடை எல்லாம் தெரியுமா? உப்பிலிருந்து கிளம்பிய வெளிச்சம் குடைக்குள்ளேயே புகுந்து தாடையைச் சுட்டது. கானல் முன்னைவிட வேகமாக விலகியது. மறுபடியும் சிரிப்பு.

"நிழல எடுத்துக்கிட்டு வந்து என்கிட்ட நிழல் கேக்கியா? ஒனக்குத்தான் இருக்கே!"

அனல்காற்று ஒன்று அடித்தது. குடை கையைவிட்டுப் பறந்தது, துணி கருகி, கம்பு மட்டும் மண்ணில் விழுந்தது. மாடத்தி திரும்பினாள். மேகம் கால்வாசி வானத்தைப் பிடித்திருந்தது.

திரும்பும் வழியில் ஒரு சேற்றுக் குட்டை. அதில் ஒரு எருமை கழுத்து மட்டும் தெரியக் கிடந்தது. மாடத்தி கரையில் உட்கார்ந்து அழுதாள். எருமை கொஞ்ச நேரம் அசை போட்டது. பிறகு சொன்னது:

"அழறதுன்னா அங்கிட்டுப் போய் அழு. குட்டையில உப்பு கலக்கு."

"ஒனக்கென்ன, எருமை. ஒனக்கு வெயிலும் ஒண்ணு, மழையும் ஒண்ணு."

"எரும மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரின்னு சொல்லுவிய. எரும மேல வெயில் அடிச்சா எப்படி இருக்கும்னு எவளாவது கேட்டியளா? எரியும். கறுப்புத் தோலுன்னா வெயில் விட்டுருமா? அதான் சேத்துல பொரளுதேன். வயித்துக்கும் சேறு, முதுகுக்கும் சேறு. ஒங்களுக்குப் பொரளத் தெரியாது. ஒருத்தி முதுக ஒருத்தி பாத்துக்கிட்டாத்தான் உண்டு. அதையும் ஒருத்திய விட்டுட்டுச் செய்யுதிய."

 எருமை சொன்னதில் பொய் இல்லை.

"அந்தக் கானல எப்படிப் பிடிக்கன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"நான் எதுக்குப் பிடிக்கேன்? நான் அதுக்கு முதுகக் காட்டிப் படுத்துக் கெடப்பேன். அதுவா வந்து வாலுகிட்ட நிக்கும். முகத்தக் காட்டினா ஓடும், முதுகக் காட்டினா வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்போ எந்திச்சுப் போ, வெயில மறைக்காத, குளிருது" என்றது எருமை. இப்படிப் பேசிப் பேசித்தான் எருமைகளுக்கு நல்ல பெயர் கிடைக்காமல் போயிற்று. பிறகு பேசுவதையே விட்டுவிட்டன.

மூன்றாம் நாள் வானத்தில் பாதி மேகம். மேகம் ஏறாத பாதியில் சூரியன் கடைசி முறையாகக் காய்ந்தது. மாடத்தி ஒரு சிரட்டை நிறையப் பூச்சுக் குழைத்தாள். முகத்துக்கும் கைக்கும் பூசிக்கொண்டாள். முதுகுக்குப் பூசவில்லை. அளத்துக்கு நடுவே போய், கானலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். வரிசையில் கடைசி ஆள் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள்.

பெண்கள் வரப்பில் கூடிவிட்டார்கள். சடைச்சி கத்தினாள்.

"ஏளா மாடத்தி, எந்திச்சு வா! ஒன்னையும் கொண்டுபோயிருவா! வழக்கத்தோட வெளையாடாத!"

"வழக்கம் பொய்யின்னா என்ன செய்வ, சடைச்சியக்கா?"

சடைச்சியின் முகம் கோணியது. "பொய்யின்னா என் மக எதுக்குளா போனா?" என்றாள்.  சடைச்சியின் ஒரே மகளும் ஒருநாள் கடைசியில் வந்தவள்தான். முந்தைய கோடையில் கானலுக்குள் போனவள்.

வெயில் மாடத்தியின் முதுகில் இறங்கியது. முதலில் சுட்டது, பிறகு எரிந்தது, பிறகு முள்ளால் கீறுவதுபோல் இருந்தது. ஆவுடை ஒரு பகல் முழுவதும் இதைத்தான் தாங்கியிருக்கிறாள். "ஒரு நாள்தான, பொறுத்துக்க" என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது. மாடத்தி பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள், ஆனால் திரும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் அனல் நெருங்கி வந்தது. காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது.

"நிழல் வேணுமா, நிழல்?"

"வேண்டாம்," என்றாள் மாடத்தி. "வந்து என் பின்னால உக்காரு."

இழுத்து வந்த கால் நின்றது. அந்தக் கேள்விக்கு இத்தனை காலமும் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"நான் உக்காந்தா நான்தான் கடைசி."

"ஆமா."

"கடைசி முதுகு வெயிலுக்கு. தெரியும்லா?"

"தெரியும். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். மாடத்தி கண்ணை மூடிக்கொண்டு எழுந்தாள். சுற்றிக்கொண்டு போய்க் கடைசிக்காரிக்கும் பின்னால் உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தாள். இப்போது மாடத்திதான் கடைசி.

எதிரே இருந்தது முதுகா, வறண்ட பாத்தியா? தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள்ளே வெயில் இன்னும் கனன்றது. மாடத்தி சிரட்டையில் கையை விட்டு அள்ளிப் பூசினாள். சுர்ரென்று ஆவி கிளம்பியது. பூசப் பூச உறிஞ்சியது. சிரட்டை தீர்ந்தது, போதவில்லை. தன் கையில் இருந்த பூச்சை வழித்துப் பூசினாள், போதவில்லை. தன் முகத்தில் இருந்ததையும் வழித்துப் பூசினாள், போதவில்லை. நடுமுதுகில், அவரவர் கை எட்டாத அந்த இடத்தில், ஓர் உள்ளங்கை அளவுக்கு மிச்சம் இருந்தது.

பூச்சு இல்லை. மாடத்தி அந்த இடத்தின் மேல் தன் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்தாள். கை நிழல் அதன் மேல் விழுந்தது.

கடைசிக்காரி நடுங்கினாள்.

"ஒம் முகம் வேகுதே, ஏட்டி" என்றாள்.

"வேகட்டும்."

"ஒம் முதுகுக்கு யாரு பூசுவா?"

"தெரியல" என்றாள் மாடத்தி. உண்மையாகவே தெரியவில்லை. தலை சுற்றியது, கண் இருட்டியது. கையை மட்டும் எடுக்கவில்லை.

அப்போது அவள் முதுகில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. ஒரு கை. பூசிப் பழகாத கை, தாறுமாறாக இழுவிக்கொண்டு போயிற்று. மாடத்தி திரும்பிப் பார்க்கவில்லை. விம்முகிற சத்தத்தில் அது சடைச்சி என்று தெரிந்தது. பின்னால் நீட்டிய மாடத்தியின் இன்னொரு கையில் ஒரு விரல் பூச்சை வைத்தாள் சடைச்சி. மாடத்தி அந்த உள்ளங்கை அளவு இடத்தையும் மூடினாள்.

சடைச்சி கேட்டாள். "கடைசிக்காரி, என் மக உள்ள இருக்காளா?"

கடைசிக்காரி தலையை ஆட்டினாள். "போன மழையோட போயிட்டா. மழைக்கு மேல யாரையும் எனக்கு வச்சிருக்கத் தெரியாது."

சடைச்சியின் கை மாடத்தியின் முதுகில் நின்றுவிட்டது.  எழுந்துவிடுவாள் என்று வரப்பில் நின்றவர்கள் நினைத்தார்கள். நியாயம்தானே, மகளைக் கொண்டுபோனவள் இருக்கிற வரிசையில் ஏன் உட்கார வேண்டும்?  பிறகு அந்தக் கை மறுபடி அசைந்தது. விட்ட இடத்திலிருந்து பூசத் தொடங்கியது.

அதைப் பார்த்து வரப்பிலிருந்து ஒருத்தி இறங்கினாள், சடைச்சிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவள் பின்னால் ஒருத்தி, அவள் பின்னால் இன்னொருத்தி. அந்தக் கோடையில் கானலுக்குள் போனவர்களும் உள்ளிருந்து ஒவ்வொருத்தியாக, தூக்கத்தில் நடப்பவர்கள்போல வந்து உட்கார்ந்தார்கள். வரிசை நேராகப் போகவில்லை, வளைந்து வளைந்து கடைசிக்காரி முகத்துக்கு எதிரே வந்து நின்றது. இன்னும் ஒருத்திக்குத்தான் இடம் இருந்தது.

ஆவுடை வந்தாள். எல்லாருக்கும் கடைசியாகத்தான் வந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "நான்தான் இன்னைக்கும் கடைசியா?" என்று கேட்டுக்கொண்டே அந்த இடத்தில் உட்கார்ந்தாள். வெந்துபோன அவள் முதுகு கடைசிக்காரிக்கு முன்னால் இருந்தது.

கடைசிக்காரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் கூப்பிட்ட முதுகு. தன் முதுகு மாதிரியே வெந்த முதுகு. யாரோ ஒரு சிரட்டையை நீட்டினார்கள். அவள் விரலால் தொட்டு, பயந்து பயந்து, ஆவுடையின் முதுகில் வைத்தாள்.

வட்டம் மூடிக்கொண்டது.

"இப்போ யாரு கடைசி?" என்று கேட்டாள் கடைசிக்காரி.

"யாரும் இல்ல" என்றாள் மாடத்தி. "ஒம் பேரு என்ன?"

"கடைசிக்காரி."

"அது நாங்க வச்ச பேரு. ஒன் ஆத்தா வச்ச பேரு என்ன?"

அவள் நெடுநேரம் யோசித்தாள். அப்படி யோசிக்கும்போது அவள் முகம் ஒரு சின்னப் பெண்ணின் முகமாக இருந்தது.

"செண்பகவடிவு" என்றாள்.

முதல் மழைத்துளி மாடத்தியின் நெற்றியில் விழுந்தது. பெண்கள் அலறினார்கள். சடைச்சி மட்டும் கத்தினாள்: "கைய எடுக்காதிய! யாரும் முதுகுலருந்து கைய எடுக்காதிய!" யாரும் எடுக்கவில்லை. மழை கொட்டியது. கண்ணைத் திறக்க முடியாத மழை. பூச்சு எல்லாம் கரைந்து சிவப்புச் சிவப்பாகப் பாத்தியில் ஓடியது.

மழை சற்று ஓய்ந்ததும் மாடத்தி கண்ணைத் திறந்தாள். கானல் இல்லை. அவள் கைக்குக் கீழே இருந்த முதுகும் இல்லை. அங்கே ஒரு பிடி உப்பு மட்டும் இருந்தது. அதற்கு அப்பால் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஆவுடை உட்கார்ந்திருந்தாள். கானலிலிருந்து வந்த மற்றவர்களும் கரையாமல் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள்.

மாடத்தி அவளைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது, கொதிக்கவில்லை. ஆனால் ஆவுடை அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து வீட்டுக்கு நடந்தாள். மழைக்காலம் முழுவதும் அவள் மாடத்தியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாடத்தியும் பேசு என்று கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பாள்? தினமும் கற்றாழைச் சோற்றை எடுத்துவைத்தாள், ஆவுடை தானே எட்டும் இடத்துக்குப் பூசிக்கொண்டாள், எட்டாத இடத்தை விட்டுவிட்டாள்.

ராசாவுக்குச் செய்தி போயிற்று. அவன் ஒருநாள் குடை இல்லாமல் அளத்துக்கு வந்து நின்று பார்த்தான். மூக்குத்தோல் உரிந்து திரும்பிப் போனான். அதற்குப் பிறகு அளத்து வரப்பெங்கும் ஓலைப் பந்தல் போட்டுக் கொடுத்தான், உச்சிப் பொழுதில் யாரும் பாத்தியில் இறங்கக்கூடாது என்று முரசறைந்தான். புலவர்கள் அதையும் பாடினார்கள், இந்தத் தடவை பொய் கொஞ்சம் குறைவு.

மறுகோடை வந்தது. விடிந்ததும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். முதலும் இல்லை, கடைசியும் இல்லை. தாமதமாக வந்தவளுக்கு இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். வெயிலுக்கு ஒரு முதுகும் கிடைக்கவில்லை. பாத்தியில் என்ன ஆகும் என்று எல்லாரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

உப்பு விளைந்தது. எப்போதும்போல் வெள்ளை வெளேரென்று விளைந்தது. சடைச்சி ஒரு கை உப்பை அள்ளினாள். அப்படியே பாத்தியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுகையை யாரும் நிறுத்தப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் போய் அவளுக்கு வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கானல் அந்த வருஷமும் தூரத்தில் நெளிந்தது. அதில் குரல் எதுவும் இல்லை, வெறும் கானல். வட்டத்தில் ஒரே ஒரு இடத்தை மட்டும் கொஞ்ச நேரம் காலியாக விட்டு, "செண்பகவடிவு" என்று ஒருத்தி பெயர் சொல்லுவாள். அப்புறம்தான் சிரட்டையைத் திறப்பார்கள்.

அந்தக் கோடையில் ஒருநாள் மாடத்தி பூச்சைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஒரு பக்கம் வெந்த தழும்பு. முதுகெல்லாம் தழும்பு. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை. ஒரு சின்னக் கை அவள் முதுகில் பூச்சை வைத்தது. கற்றாழை முள் குத்திக் காய்த்த கை. தழும்பு தழும்பாக மேலே போயிற்று, கீழே வந்தது, நடுமுதுகில் அந்த எட்டாத இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

மாடத்தியின் தோள் குலுங்கியது.

"ஆடாம உக்காரு யக்கா," என்றாள் ஆவுடை. "பூச்சு திட்டுத்திட்டா நிக்கும்."

மாடத்தி ஆடாமல் உட்கார்ந்தாள்.

சிரட்டை காலி, கதையும் காலி. வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போங்கள். போகும்போது உங்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.